மாடும் ஆடும் கோழியும்: வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக மாடு வாங்கியவர்கள், நாலு ஆட்டோடு தொடங்கியவர்கள், பல வருடம் வளர்த்தும் சில விஷயங்களில் சந்தேகம் தீராதவர்கள் எனப் பலரும் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். மருத்துவர் செய்ய வேண்டிய வைத்தியத்தை நாமே செய்துகொள்ளச் சொல்லித்தர இதை எழுதவில்லை. அவரை எப்போது கூப்பிடுவது, அவர் வந்து சேரும்வரை என்ன செய்வது, அந்த நிலைக்கே போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இவற்றைத்தான் எழுதியிருக்கிறேன்.

உடம்பு சரியில்லை என்று முதல் நாளே எப்படித் தெரிந்துகொள்வது?

தினமும் தீவனம் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம், போட்ட பிறகு ஐந்து நிமிடம், வேறு வேலை எதுவும் செய்யாமல் நின்று பாருங்கள். கூட்டமாக வாழும் விலங்குகள் நோயை மறைக்கும். தளர்ந்து தெரிவதைத்தான் வேட்டை விலங்கு முதலில் குறிவைக்கும் என்பதால் வந்த பழக்கம் அது. நம் கண்ணுக்கு நோய் பளிச்சென்று தெரியும்போது அது முற்றிப் போயிருக்கும்.

எது கடைசியாக எழுந்திருக்கிறது? எது தள்ளி நிற்கிறது? காது தொங்குகிறதா, மூக்கு காய்ந்திருக்கிறதா, முடி சிலிர்த்து நிற்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா? சாணம் தண்ணீராகவோ உருண்டையாகவோ மாறியிருக்கிறதா? ஆட்டுப் புழுக்கை தனித்தனியாக விழுகிறதா, கட்டியாக ஒட்டி விழுகிறதா? தீவனம் தின்று முடித்துப் படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். ஒரு பெட்டை ஆடு சாயங்காலம் மற்றவற்றோடு தொட்டிக்கு வந்தது, வாயையும் வைத்தது. தின்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அது வாயை வைத்ததே தவிர ஒரு வாய் கூடத் தின்னவில்லை. காலையில் செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து தொட்டிக்கு வருகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்துவதில்லை, தாடை அசைகிறதா என்று பார்க்கிறேன்.

அப்புறம், ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ஆசனவாயில் உள்சுவரைத் தொடும்படி ஒரு நிமிடம் வைத்தால் போதும். மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், ஆட்டுக்கு 101.5 முதல் 104 வரை இயல்பு. இடது விலாவின் பின்பக்கக் குழியில் கைமுஷ்டியை அழுத்தி வைத்தால் முதல் வயிறு புரள்வது கையில் தெரியும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை புரள வேண்டும். இதையெல்லாம் நோய் வந்த அன்று முதன்முதலாகச் செய்து பார்த்தால் ஒன்றும் புரியாது. நன்றாக இருக்கும்போதே நாலைந்து தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

மருத்துவரை எந்த நேரத்திலும், நடு இரவானாலும் கூப்பிட வேண்டியது எதற்கு?

கன்று ஈனும் வலி வந்து, பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால். ஈன்ற மாடு எழவில்லை என்றால். இடது வயிறு உப்பி மூச்சு வாங்கினால். கருப்பை வெளியே தள்ளிவிட்டால் (சுத்தமான ஈரத் துணியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள்). ஆண் ஆடு முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால். வாயில் எச்சில் வழிய, குரல் மாறிக் கத்தி, விழுங்க முடியாமல் தவித்தால் வெறிநோயாகவும் இருக்கலாம். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுவிடாதீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

பால் தராத பெரிய மாடு 30 முதல் 50 லிட்டர் குடிக்கும். கறவை மாட்டுக்கு ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் அதற்கு மேல் 3, 4 லிட்டர் வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். இரண்டு வேளை வாளியில் காட்டிவிட்டு எடுத்துப் போவதைவிட, எப்போதும் தண்ணீர் நிற்கும் தொட்டி ஒன்று இருந்தால் தீவனத்தை மாற்றாமலே பால் கூடுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். தொட்டியை வாரம் ஒரு தடவையாவது தேய்த்துக் கழுவுங்கள். பாசி பிடித்த தண்ணீரை ஆடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும், நாம் அது குடித்துவிட்டதாக நினைப்போம்.

அடர்தீவனத்தை (தானியம், மாவு வகை) கூட்டினால் பால் கூடுமா?

ஓரளவு வரை கூடும். அதற்கு மேல் போனால் மாடே விழுந்துவிடும். ஏன் என்று தெரிந்தால் அளவு தானாகப் பிடிபடும்.

மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு புளிக்க வைக்கும் தொட்டி. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லையும் தட்டையையும் சிதைக்கின்றன. மாடு வாழ்வது அவை தயாரித்துத் தரும் சத்தில். ஆகவே நாம் தீவனம் போடுவது முதலில் அந்த நுண்ணுயிர்களுக்குத்தான். நார்த்தீவனம் தின்னும்போது மாடு நிறைய அசை போடும், அசை போடும்போது எச்சில் ஊறும், அந்த எச்சில் வயிற்றின் புளிப்பை முறிக்கும். தானியமும் மாவும் வேகமாகப் புளிப்பவை. அசை போட அவற்றில் ஒன்றும் இல்லை. ஒரே வேளையில் அதிகம் போனால் வயிற்றில் அமிலம் ஏறி, நல்ல நுண்ணுயிர்கள் செத்து, மாடு தீனி எடுக்காமல் நிற்கும், கழியும், குளம்பு வீங்கி நொண்டும், சில நேரம் செத்தும் போகும். கட்டை அவிழ்த்துக்கொண்டு தானிய மூட்டையில் வாய் வைத்த ஆடு மறுநாள் செத்துப்போவது இதனால்தான்.

பொதுவாக, உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று கணக்கு வைப்பார்கள். பசுந்தீவனம் நன்றாக இருந்தால் இதைக் குறைக்கலாம். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, தட்டையோ புல்லோ கொஞ்சம் தின்ற பிறகு வையுங்கள். எந்தத் தீவனமாக இருந்தாலும் பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் கூட்டி, பத்துப் பதினைந்து நாளில் மாற்றுங்கள். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் ஆகும்.

வைக்கோல் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

வயிறு நிறையும், சத்து போதாது. வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான். வேலிமசால், அகத்தி, தட்டைப்பயறு போன்ற பயறுவகைத் தீவனம் கொஞ்சம் சேர்த்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். வேலி ஓரத்தில் மரத்தீவனம் நட்டு வைப்பது வறட்சியில் கைகொடுக்கும்.

யூரியா ஊட்டம் ஏற்றிய வைக்கோல் நல்ல வழிதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து அடுக்கு அடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும். எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, நெடி போன பிறகு கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அதைக் குடித்தால் அந்த இடத்திலேயே உயிர் போய்விடும்.

இளஞ்சோளம் தின்றால் மாடு செத்துவிடும் என்பது உண்மையா?

உண்மை. இளம் பயிரிலும், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்த சோளத்திலும் சயனைடாக மாறும் பொருள் அதிகம். தின்ற சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி விழுந்துவிடும். பூவெடுக்கும் பருவம்வரை காத்திருங்கள், அல்லது அறுத்து நன்றாக வெயிலில் காயவைத்துக் கொடுங்கள்.

வயிறு உப்பிவிட்டது. மருத்துவர் வர நேரமாகும் என்றால் என்ன செய்வது?

முன்னங்கால் மேட்டில், பின்னங்கால் பள்ளத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். நடக்க முடிந்தால் மெதுவாக நடத்துங்கள். ஈரமான பயறுவகைப் பசுந்தீவனம் தின்று நுரையாக உப்பியிருந்தால் சமையல் எண்ணெய் நுரையை உடைக்கும்: மாட்டுக்குக் கால் முதல் அரை லிட்டர், ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி. ஆனால் எப்படிப் புகட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தலையை அண்ணாந்து தூக்கிப் பிடித்து, நாக்கை இழுத்துக்கொண்டு ஊற்றினால் எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும். உப்புசத்தில் பிழைத்த மாடு நாலு நாள் கழித்துச் சளிக் காய்ச்சலில் சாவது இப்படித்தான். தலை கிடைமட்டத்துக்கு மேல் போகாமல், கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இருமினால் உடனே நிறுத்துங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் வாயில் ஊற்ற வேண்டாம்.

கன்று பிறந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன?

மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைத்துவிட்டு, தாயை நக்கவிடுங்கள். தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் முழுதாக நனையும்படி முக்குங்கள். மேலே தடவினால் போதாது. அந்தக் கொடி வழியாகத்தான் கிருமி உள்ளே போய், பிறகு மூட்டு வீங்கி நொண்டுகிறது.

அடுத்தது சீம்பால். ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படியுங்கள். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையிலேயே கிடைத்துவிடும். மாட்டின், ஆட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் சாணத் தரையில் வந்து விழுகிறது. அதற்கான பாதுகாப்பு முழுதும் சீம்பாலில் இருக்கிறது. கன்றின் குடல் அந்தப் பொருளை அப்படியே உள்ளே விடுவதும் பிறந்த சில மணி நேரம்தான். ஒவ்வொரு மணிக்கும் அந்த வாசல் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, 24 மணி நேரத்தில் முழுதாக மூடிவிடும்.

ஆகவே நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் பீய்ச்சுவோம் என்று காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போக வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். பாதியை உடனேயும் மீதியைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ளும் கொடுங்கள். சீம்பால் அதிகம் குடித்தால் கழியும் என்று குறைப்பவர்கள் இருக்கிறார்கள். சீம்பால் போதாத கன்றுதான் முதல் மாதத்தில் கழிச்சலில் சாகிறது. காய்ச்சாமல், உடல் சூட்டில் கொடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் உறையவைத்துக்கொள்ளலாம். தாய் செத்துப்போன, பால் சுரக்காத வேறொரு கன்றுக்கு அது உயிர். உருக்கும்போது கொதிநீரில் வைக்காமல், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வையுங்கள்.

கன்று கழிகிறது. பாலை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீர் இழப்புதான். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றாலோ, கண் உள்ளே போயிருந்தாலோ நிறைய நீர் போய்விட்டது என்று பொருள். பாலை வழக்கம்போலக் கொடுத்துவிட்டு, இடைப்பட்ட நேரங்களில் கால்நடைக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். எழுந்து நிற்க முடியாத கன்றுக்கு மருந்து ஊசியோடு நரம்பு வழியாக நீரும் தேவைப்படும், மருத்துவரிடம் தாமதிக்காதீர்கள்.

ஆட்டுக்குட்டி குளிரில் விறைத்துக் கிடக்கிறது. உடனே பால் கொடுக்கலாமா?

முதலில் விரலை அதன் வாய்க்குள் விடுங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் கொடுக்காதீர்கள். குளிர்ந்த குடலில் பால் செரிக்காது, உறிஞ்சத் தெம்பு இல்லாத குட்டிக்கு அது புரையேறவும் செய்யும். சாக்கில் துடைத்துக் காயவைத்து, மார்போடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியோடு பெட்டியில் வைத்தோ சூடாக்குங்கள். வாய்க்குள் வெதுவெதுப்பு வந்து, விரலைச் சப்பத் தொடங்கியதும் சீம்பால் கொடுங்கள். பார்க்கச் செத்தது போலவே கிடந்த குட்டிகள் ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் கைவிடாதீர்கள்.

சினை ஆட்டுக்குத் தனிக் கவனிப்பு எப்போதிலிருந்து?

கடைசி ஆறு வாரம். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி அப்போதுதான் நடக்கிறது. வயிற்றை இரண்டு மூன்று குட்டி அடைத்துக்கொள்வதால் ஆடு நிறையத் தின்னவும் முடியாது. குறைந்த அளவில் சத்து அதிகமுள்ள தீவனம் வேண்டும். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு திடீரென்று தீனி விட்டு, மந்தமாகி, கண் தெரியாதது போல முட்டிக்கொண்டு நின்றால் அது சினை நஞ்சேற்றம். அன்றே வைத்தியம் பார்க்க வேண்டும்.

நஞ்சுக்கொடி விழவில்லை. கையால் இழுக்கலாமா?

கூடாது. இழுத்தால் கருப்பையின் உள்தோல் கிழிந்து, அடுத்த சினைக்கே வழியில்லாமல் போகும். கல் கட்டித் தொங்கவிடுவதும் இழுப்பதைப் போன்றதுதான். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், காய்ச்சல் வருகிறதா என்று தினமும் பாருங்கள்.

கன்று ஈன்ற மறுநாள் மாடு எழவே இல்லை. என்ன ஆகியிருக்கும்?

நல்ல கறவை மாடாக, மூன்றாவது ஈற்றோ அதற்கு மேலோ இருந்தால் முதலில் பால் காய்ச்சல் என்று நினைக்க வேண்டும். பெயரில்தான் காய்ச்சல், தொட்டுப் பார்த்தால் காதும் உடம்பும் சில்லென்று இருக்கும். கழுத்தை ஒரு பக்கமாக மடித்து விலாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து மொத்தமாக இறங்கி, இரத்தத்தில் குறைந்து, தசைகள் வேலை செய்யாமல் நிற்கின்றன. ஈன்ற மூன்று நாளுக்குள் வருவதே அதிகம்.

மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் சில நேரம் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே மாடு எழுந்து நிற்கும். பார்க்க எளிதாகத் தெரிவதால் தாங்களே ஏற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் வரும்வரை மாடு பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள்.

ஆடுகளுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுப்பது?

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில், நாள் கணக்குப்படி என்ற பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். மருந்து கேட்காத புழுக்கள் உலகம் முழுவதும் பெருகிவிட்டன, அதற்கு முக்கியக் காரணமே இப்படிக் கொடுப்பதுதான்.

ஆடுகளில் அதிகம் கொல்வது வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உருளைப்புழு. ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி இரத்தம் எடுக்கும். ஐயாயிரம் புழு இருந்தால் கால் லிட்டர். ஆடு வெளுத்துப்போகும், தாடைக்குக் கீழே பை போல நீர் கோத்துக்கொள்ளும். கழிச்சல் இருக்காது என்பதால் பலர் புழு என்றே நினைப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஃபமாச்சா என்று பெயர். கீழ் இமையை இறக்கி உள்பக்க நிறத்தை ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு 1, வெள்ளை 5. நான்கிலும் ஐந்திலும் இருப்பவற்றுக்குக் கட்டாயம் மருந்து. மூன்று என்றால் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் மெலிந்ததற்கும் கொடுக்கலாம். நல்ல சிவப்பாக இருப்பதற்கு மருந்தே வேண்டாம். மந்தையில் உள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளிடம் மட்டும்தான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் கொடுத்தால், மற்ற ஆடுகளில் மருந்துக்குப் பழகாத புழுக்கள் மிஞ்சி நிற்கும். அதுவே அந்த மருந்து நாளைக்கும் வேலை செய்ய வழி. நிழலில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

கொடுக்கும்போது எடை பார்த்துக் கொடுங்கள். கண்ணளவில் குறைத்துக் கொடுப்பது புழுவுக்கு மருந்தைப் பழக்கிவிடுவதாகும். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைத் தவிருங்கள். புழுவின் குஞ்சுகள் ஈரப் புல்லின் அடிப்பகுதியில்தான் ஏறி இருக்கும் என்பதால், பனி உலர்ந்த பிறகு ஓட்டுவதும், புல்லை ஒட்ட மேயவிடாமல் இடம் மாற்றுவதும், உயரத்தில் தழை கட்டித் தொங்கவிடுவதும் மருந்துச் செலவைக் குறைக்கும். ஆடு இயல்பிலேயே நிமிர்ந்து தழை தின்னும் பிராணி.

தடுப்பூசி போட்டும் நோய் வந்ததே, பிறகு எதற்குப் போடுவது?

ஊசி வேலை செய்யாமல் போக மூன்று காரணங்கள் அடிக்கடி பார்க்கிறேன். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்காமல் மருந்து கெட்டுப்போயிருக்கும். நோய் ஊருக்குள் வந்த பிறகு போட்டிருப்பார்கள், எதிர்ப்பு உண்டாகவே இரண்டு மூன்று வாரம் வேண்டும். அல்லது ஏற்கனவே புழுவிலோ காய்ச்சலிலோ மெலிந்த ஆட்டுக்குப் போட்டிருப்பார்கள்.

கோமாரிக்கு (வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோய்) ஆறு மாதத்துக்கு ஒருமுறை, துள்ளுமாரிக்கு (ஆட்டின் குடலில் நஞ்சேறும் நோய்) ஆண்டுக்கு ஒருமுறை, தொண்டை அடைப்பானுக்கு (தொண்டை வீங்கி மூச்சடைக்கும் நோய்) மழைக்கு முன்பாக. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு ஊசி மூன்று ஆண்டுக்குத் தாங்கும். கருச்சிதைவு நோய்க்குக் கிடேரிக்கு மட்டும், 4 முதல் 8 மாத வயதில், வாழ்நாளில் ஒரே தடவை. அந்த ஊசியில் மனிதருக்கும் தொற்றக்கூடிய உயிருள்ள கிருமி இருக்கிறது, மருத்துவர் கையால்தான் போட வேண்டும்.

தடுப்பூசி மேல் நம்பிக்கை குறைந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து முற்றிலும் ஒழிக்கப்பட்டது அது ஒன்றுதான். ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டே அதை ஒழித்தார்கள்.

மடிநோய் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே தவறு?

கையிலும் தரையிலும் பாருங்கள். கறப்பதற்கு முன் காம்பைக் கழுவினால் போதாது, ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். திரி, கட்டி, தண்ணீர் இருந்தால் அன்றே தெரிந்துவிடும். அந்தப் பாலைத் தரையில் விட்டால் நோயைப் பரப்புகிறீர்கள். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்பின் வாய் மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை மாடு சாணத்தில் படுக்காமல் இருக்க, கறந்தவுடன் தீவனம் வைத்தால் நின்றுகொண்டே தின்னும். நோய் உள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள்.

மாடு பருவத்துக்கு வந்ததைக் கண்டுபிடிக்க முடியவில்லையே?

21 நாளுக்கு ஒருமுறை வரும், அரை நாள் சுமாரில் போய்விடும். மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பதுதான் உறுதியான அடையாளம். கண்ணாடி போன்ற சளி வழிவது, கத்துவது, பால் குறைவது துணை அடையாளங்கள். விடிகாலையிலும் இரவிலும்தான் அதிகம் தெரியும், எருமையில் அடையாளமே குறைவு. காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போடுவது வழக்கம். எலும்பு தெரிய மெலிந்த மாடு பருவத்துக்கு வராததற்கு ஊசி தேடுவதைவிட, தீவனமும் தாது உப்பும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது முதல் வேலை.

கொட்டில் எப்படி இருந்தால் நல்லது?

காலையில் கொட்டிலுக்குள் போய், மாட்டின் மூக்கு இருக்கும் உயரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதாது. மாட்டின் முழங்காலைப் பாருங்கள். தோல் உரிந்து வீங்கியிருந்தால் தரை கடினம் அல்லது வழுக்குகிறது. மாடு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டிய பிராணி, படுக்க வசதி இல்லாவிட்டால் பாலும் குறையும், காலும் கெடும். பெரிய மாட்டுக்கு மூன்றரை முதல் நான்கு சதுர மீட்டர், ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் கூரையடி இடம் வேண்டும். வெப்பமான பகுதியில் கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் மாட்டின் மேல் தோல் நனையத் தண்ணீர் ஊற்றி, காற்றும் படவிடுங்கள்.

கோழிக்குஞ்சுகள் முதல் வாரத்திலேயே சாகின்றன, ஏன்?

பெரும்பாலும் சூடு. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுகளே சொல்லிவிடும்: விளக்கின் கீழ் குவிந்து கத்தினால் குளிர், விளக்கை விட்டு ஓரத்தில் ஒதுங்கினால் சூடு அதிகம், பரவலாகத் திரிந்தால் சரி. பெரிய கோழிகளைக் கூட்டமாகக் கொல்வது வெள்ளைக்கழிச்சல். கண்ணில் விடும் சொட்டு மருந்தைத் தவறாமல், அடுத்தவர் கோழிகளோடு சேர்த்து ஒரே நாளில் போடுங்கள்.

புதிதாக வாங்கிய ஆட்டை அன்றே மந்தையில் விடலாமா?

மூன்று வாரம் தனியே வைத்து, புழு, உண்ணி, கழிச்சல், வாய்ப்புண் எல்லாம் பாருங்கள். அதற்குத் தீவனம் போடுவது கடைசியாக இருக்கட்டும்.

ஊசி போட்ட மாட்டின் பாலைப் பயன்படுத்தலாமா?

ஆன்டிபயாடிக் போட்டால், மருந்துப் புட்டியில் எத்தனை நாள் பாலும் இறைச்சியும் எடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கும். அத்தனை நாளும் விட்டுவிட வேண்டும். மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடு தேறிவிட்டதென்று மூன்றாம் நாளே ஊசியை நிறுத்தவும் கூடாது. வலிக்கு ஊசி போடும்போது மெலாக்சிகாம் கேளுங்கள். டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்றே தெற்காசியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் ஏறத்தாழ அழிந்தன.

கால்நடையிடமிருந்து நமக்கு என்ன நோய் வரும்?

கருச்சிதைவு நோய், காசநோய், எலிக்காய்ச்சல், வெறிநோய், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), படர்தாமரை. பாலைக் காய்ச்சியே குடியுங்கள். கரு கலைந்தால் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் அடைப்பானாக இருக்கலாம். தோலுரிக்கவோ அறுக்கவோ கூடாது. காற்றுப் பட்டதும் அந்தக் கிருமி வித்தாக மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நாய்களை விரட்டி, உடலை மூடிவைத்து, கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

குறிப்பேடு எழுதுவது அவசியமா? என்ன எழுதுவது?

நாலு ஆடு இருந்தாலும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: பிறந்த தேதி, தாய், போட்ட ஊசி, கொடுத்த பூச்சி மருந்து, இமை நிறம், பருவம் வந்த தேதி, சினை ஊசி தேதி. சினை தேதி இருந்தால் ஈனும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம்: பசுவுக்கு 280 நாள் சுமார், எருமைக்கு 310, ஆட்டுக்கு 150, பன்றிக்கு 114. பசுவுக்கு அந்த நாளிலிருந்து அறுபது நாள் பின்னால் எண்ணி, அன்று கறவையை நிறுத்த வேண்டும் என்றும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.